ஈரம் காய்வதற்குள்: இருட்டறை வண்டியில் ஆறு நாட்கள்

முதல் நாள்

விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். வண்டியின் பின்பாதி முழுக்கப் புகைப்படத் தகடுகளுக்கான இருட்டறை. இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் இரண்டு சுற்று மூடி, உள்ளங்கை அளவு சதுரம் ஒன்றுக்கு மட்டும் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கிறோம். கொலோடியன் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது. நீலமும் புற ஊதாக் கதிரும்தான் அதற்கு வெளிச்சம். நண்பன் வண்டி ஓட்டுகிறான், ஆட்களை உட்காரவைக்கிறான், வினாடி எண்ணுகிறான். நான் உள்ளே ரசாயனங்களோடு. வறண்ட சமவெளி, அப்புறம் மலை, கடைசியில் கடலோரம். வழியில் சம்மதிக்கிறவர்களின் முகங்களை ஈரத் தகட்டில் எடுக்க வேண்டும்.

ஈரத் தகடு என்றால் என்னவென்று பலர் கேட்டிருந்தீர்கள். அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் பாகு போல ஒரு திரவம் கிடைக்கும். அதுதான் கொலோடியன். அதில் அயோடைடு, புரோமைடு உப்புகளைச் சேர்த்து, கண்ணாடியின் மீதோ கறுப்புப் பூச்சுள்ள அலுமினியத் தகட்டின் மீதோ ஊற்றிப் பரப்ப வேண்டும். பாதி உறைந்ததும் சில்வர் நைட்ரேட் கரைசலில் மூன்று நிமிடம். வெளியே எடுக்கும்போது படலம் பால் நிறமாக மாறியிருக்கும். அந்த ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, படத்தை வெளிக்கொண்டு வரும் டெவலப்பரும் ஊற்றி முடித்துவிட வேண்டும். காய்ந்தால் எல்லாம் போச்சு. அதனால்தான் கேமரா போகும் இடமெல்லாம் இருட்டறையும் கூடவே போக வேண்டியிருக்கிறது.

ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயச் சிற்பி இந்த முறையை 1851 மார்ச்சில் ஓர் இதழில் எழுதி எல்லோருக்கும் கொடுத்தார். காப்புரிமை வாங்கவில்லை. உலகம் முழுக்க ஸ்டுடியோக்கள் அவர் முறையில் பிழைத்தன, அவர் 1857-ல் வறுமையில் இறந்தார். சில்வர் பாத்தில், அதாவது அந்த சில்வர் நைட்ரேட் கரைசல் தொட்டியில், தகட்டை இறக்கும்போது அவர் நினைவு வராமல் இருந்ததில்லை.

இன்று வெயில் கடுமை. முதலில் உட்கார்ந்தவர் கிணறு தோண்டுகிற தொழிலாளி. மர நிழலில் ஆறு வினாடி. அசையாமல் இருக்கத் தலைக்குப் பின்னால் ஒரு தாங்கு கம்பி வைத்தோம். படம் வந்தது, ஆனால் முகத்தின் குறுக்கே ஏழெட்டு வால் நட்சத்திரங்கள். சின்னப் புள்ளி, அதிலிருந்து ஒரு வால், எல்லா வாலும் ஒரே திசையில். கொலோடியனில் தூசியோ கரையாத துகளோ இருந்தால் இப்படித்தான் விழும். ஊற்றும்போது துகள் ஓரிடத்தில் நின்றுகொள்ள, திரவம் அதைச் சுற்றி ஓடி வாலாகிறது. வீட்டில் இருக்கும்போது ஒரு வால்கூட விழாத அதே பாட்டில். யோசித்தால், நான்கு மணி நேரம் வண்டியில் குலுங்கியிருக்கிறது. அடியில் அமைதியாகக் கிடந்த வண்டலெல்லாம் மேலே வந்துவிட்டது. பாட்டில் வாயில் காய்ந்து ஒட்டியிருந்த தோலும் உதிர்ந்து உள்ளே விழுந்திருந்தது.

இனி ஒவ்வோர் இரவும் மறுநாளுக்கு வேண்டிய கொலோடியனை மட்டும் மேலாக இறுத்து ஒரு சின்னப் பாட்டிலில் எடுத்து வைப்பது, அதை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்வது, ஒவ்வொரு முறை ஊற்றிய பிறகும் பாட்டில் வாயைத் துடைப்பது என்று முடிவு செய்தோம்.

இரண்டாம் நாள்

இன்று முழுக்க மூட்டத்தோடு போராட்டம். நிழல்கள் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு திரை. ஐந்து தகடு, ஐந்திலும் அதே திரை.

மூட்டத்துக்குக் காரணம் பலவாக இருக்கலாம். டெவலப்பர் சூடேறியிருக்கலாம், சில்வர் பாத்தில் அமிலம் போதாமல் இருக்கலாம், அதில் அழுக்கு சேர்ந்திருக்கலாம், எக்ஸ்போஷர், அதாவது தகட்டில் வெளிச்சம் படும் நேரம், அதிகமாகியிருக்கலாம், எங்கேயோ வெளிச்சம் கசிந்திருக்கலாம். இதில்தான் புதிதாக வருகிறவர்கள் தவறு செய்வார்கள். பாத்தில் நான்கு சொட்டு அமிலம் விடுவார்கள், டெவலப்பரையும் மாற்றுவார்கள், நேரத்தையும் குறைப்பார்கள், எல்லாம் ஒரே தகட்டில். சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது. நாளைக்கு அது திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஒரு தகட்டுக்கு ஒரு மாற்றம். இதை நான் விடுவதே இல்லை.

முதலில் கேமராவை விட்டு விலகினேன். தகட்டில் கொலோடியன் ஊற்றி, பாத்தில் இறக்கி எடுத்து, இருட்டறையை விட்டு வெளியே கொண்டுபோகாமல் அப்படியே டெவலப்பர் ஊற்றி, படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ கரைசலில் போட்டு ஃபிக்ஸ் செய்தேன். வெளிச்சமே படாத தகடு, சுத்தமான கறுப்பாக இருக்க வேண்டும். இருந்தது, லேசான ஒரு திரையைத் தவிர. சரி, ரசாயனத்தில் கொஞ்சம்தான் குறை. இரண்டாவது தகட்டை, வெளிச்சம் படாமல் தாங்கும் ஹோல்டரில் போட்டு, கேமராவில் மாட்டி, லென்ஸ் மூடியைக் கழற்றாமல் ஹோல்டரின் மறைப்புப் பலகையை மட்டும் இழுத்து, வெயிலில் ஒரு நிமிடம் வைத்தேன். எடுத்து டெவலப் செய்தால், மேல் மூலையிலிருந்து புகை இறங்கின மாதிரி மூட்டம்.

கசிவு கேமராவில். நண்பன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்ள, நான் வெளியிலிருந்து டார்ச் அடித்தேன். லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் மடிப்புத் துருத்தியின் மூன்றாவது மடிப்பு மூலையில் குண்டூசி முனை அளவு ஓர் ஓட்டை. பயணத்தில் எங்கேயோ உரசியிருக்கிறது. கறுப்பு டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டியதும் அது முடிந்தது.

மிச்சமிருந்த லேசான திரை வெயிலின் வேலை. வண்டிக்குள் அவ்வளவு சூடு. டெவலப்பர் என்பது ஃபெரஸ் சல்ஃபேட், அசிட்டிக் அமிலம், ஆல்கஹால், காய்ச்சி வடித்த நீர். இரும்பு வெள்ளியை வெளிக்கொண்டு வருகிறது, அமிலம் அதன் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. சூட்டில் இரும்பு ஓடும், அமிலத்தின் பிடி போதாது. வழக்கமாகப் பதினைந்து வினாடி எடுக்கும் தகடு இன்று ஏழு வினாடியில் எகிறியது. இரும்பைக் குறைத்து, அமிலத்தைக் கூட்டி, டெவலப்பர் பாட்டிலை ஈரத் துணியில் சுற்றினேன். கொலோடியனையும் மாற்றினேன், ஆனால் தனித்தனித் தகடுகளில், ஒன்றன்பின் ஒன்றாக. என்னிடம் வெவ்வேறு வயதில் இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. புதியது வைக்கோல் மஞ்சள். பழையது அயோடின் பிரிந்து செம்பழுப்பாகிவிட்டது. பழையது மெதுவாக வேலை செய்யும், ஆனால் நிழலைச் சுத்தமாக வைக்கும். வெயில் காலத்துக்கு அதுதான் துணை.

ஆறாவது தகடு. லாரி ஓட்டுநர் ஒருவர், முழங்கை மடித்துச் சட்டை, நேர்ப்பார்வை. ஹைப்போவில் போட்டதும் நீலம் கலந்த அந்த மங்கல் கரைந்து, அடியிலிருந்து முகம் எழுந்து வந்தது. அவர் தட்டின் மேல் குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கும் அந்த இருபது வினாடி பழகவில்லை.

சிலர் ஹைப்போவுக்குப் பதில் பொட்டாசியம் சயனைடு பயன்படுத்துவார்கள், கறுப்பு இன்னும் தெளிவாக வரும் என்று. ஓடுகிற வண்டியில், அமிலம் நிறைந்த டெவலப்பருக்குப் பக்கத்தில் அது கூடவே கூடாது. அமிலமும் சயனைடும் சேர்ந்தால் உயிரைக் குடிக்கும் வாயு. இன்னொன்று, சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் கறுப்புக் கறையோடு போகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உள்ளே நுழையும்போதே கண்ணாடியை மாட்டிக்கொள்கிறேன். ஈதர் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் வண்டிக்குள் நெருப்பு எந்த வடிவிலும் கிடையாது.

மூன்றாம் நாள்

நாள் முழுக்க மழை, மலை ஏற்றம். ஒரு தகடும் எடுக்கவில்லை. மாலையில் சில்வர் பாத்தைப் பஞ்சு வைத்து வடிகட்டினேன், கண்ணாடித் தகடுகளின் விளிம்புகளைச் சாணைக் கல்லில் தேய்த்தேன். அவ்வளவுதான்.

நான்காம் நாள்

குளிர். இங்கே எல்லாமே தலைகீழ்.

காலையில் ஒரு பாட்டி தன் பேத்தியோடு வந்தார். தன் முகம் ஒரு கண்ணாடியில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், அலுமினியம் வேண்டாம் என்றார். ஐந்துக்கு ஏழு அங்குலக் கண்ணாடி எடுத்தேன். சுண்ணக்கட்டிப் பொடியும் ஆல்கஹாலும் கலந்து தேய்த்துத் துடைத்து, வாய் வைத்து ஊதி, ஆவி சீராகப் படிந்து மறைகிறதா என்று பார்த்தேன். நடுவில் ஊற்றி, நான்கு மூலைக்கும் சாய்த்து ஓடவிட்டு, கடைசி மூலை வழியாகப் பாட்டிலுக்குள் வடித்தேன். வடியும்போது தகட்டை இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டும், இல்லையென்றால் குறுக்குக் கோடுகள் உறைந்துவிடும். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். சமவெளியில் பழகிய கணக்கில் எண்ணி, பாத்தில் இறக்கினேன்.

அங்கேதான் தவறு. குளிரில் ஈதர் மெதுவாகத்தான் பறக்கும். படலம் இன்னும் ஈரம். மூலையை விரலால் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், ரேகை பதிந்து நிற்கிறதா, குழைகிறதா என்று. நான் தொடவில்லை.

மேகமூட்டம், பதினான்கு வினாடி. பாட்டி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். டெவலப்பருக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. தண்ணீர் ஊற்றி நிறுத்தி, ஹைப்போ தட்டை வெளியே கொண்டுவந்தேன், அவர் கண் முன்னால் தகட்டை இறக்கினேன். முகம் வந்தது. அவ்வளவு நல்ல முகம். தோலின் ஒவ்வொரு சுருக்கமும், சாதாரணப் படத்தில் தெரியாத மெல்லிய புள்ளிகளும், கண்ணின் ஓரத்தில் வெளிச்சமும். கழுவுவதற்குத் தண்ணீர் ஊற்றினேன். கீழ் மூலையில் படலம் ஒரு மடிப்பாக எழுந்தது. அப்புறம் பக்கவாட்டில். கையால் தாங்குவதற்குள் முழுப் படலமும் கண்ணாடியை விட்டுக் கழன்று, தட்டுத் தண்ணீரில் ஒரு மெல்லிய தோல் போல மிதந்தது. நெற்றி ஒரு பக்கம் சுருண்டது, கன்னம் மடிந்தது.

"என் மூஞ்சி தண்ணியோட போகுதே தம்பி" என்றார் பாட்டி.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. பேத்திதான், "நாளைக்கு வரோம்ணே" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

பகல் முழுக்க அதே கண்ணாடிகளோடு உட்கார்ந்திருந்தேன். முதலில் காத்திருக்கும் நேரத்தை மட்டும் மாற்றினேன். இருபது வினாடி கூடுதலாக விட்டு இறக்கிய தகடு பாதிதான் தாங்கியது, விளிம்புகள் எழும்பின. அடுத்த தகட்டில், தேய்த்த விளிம்பைச் சுற்றி முட்டை வெள்ளைக்கரு கரைத்த நீரை ஒரு மெல்லிய பட்டையாகத் தடவிக் காயவைத்தேன். ஆர்ச்சர் காலத்துக் கைகள் கண்டுபிடித்த வழி இது, விளிம்பில் படலத்துக்கு ஒரு பிடிப்பு. அந்தத் தகட்டைக் குழாய்க்கு அடியில் நேராகக் காட்டினேன். அசையவில்லை. பாத்தில் விடும் நேரத்தையும் இங்கே ஐந்து நிமிடமாக்கிவிட்டேன். மூன்று நிமிடத்தில் எடுத்தால் தகட்டின் மேல் கரைசல் எண்ணெய் மாதிரி ஓடை ஓடையாகப் பிரிகிறது. அப்படி எடுத்துப் படம்பிடித்தால் நெடுகக் கோடு விழும். கரைசல் ஒரே விரிப்பாக வழிய வேண்டும், அதுவரை திரும்ப உள்ளே.

1866-ல் சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் இமயமலையில் பதினெட்டாயிரம் அடிக்கு மேல் இதே ஈரத் தகட்டோடு ஏறிப் படமெடுத்திருக்கிறார். அந்தக் குளிரில் விரல் எப்படி வேலை செய்தது, தண்ணீரை எப்படி உறையாமல் வைத்தார் என்றெல்லாம் இன்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாம் நாள்

பாட்டி வந்தார். நேற்றைக்கு உடுத்தியிருந்த அதே புடவை.

முதல் தகடு உறுதியாக நின்றது. ஆனால் கீழ் இடது மூலையிலிருந்து தோள் வரை சிப்பி ஓட்டின் உட்புறம் மாதிரி வளைவு வளைவாக, வெள்ளியும் பழுப்புமாக ஒரு கறை. சிப்பிக் கறை என்றே நாங்கள் சொல்வோம். இது வெளிச்சத்தாலும் வராது, கொலோடியனாலும் வராது. ஹோல்டரின் மூலையில் முந்தைய தகடுகளிலிருந்து வடிந்து காய்ந்த வெள்ளி, அழுக்கோடு சேர்ந்து புதுத் தகட்டின் ஈரத்தில் ஏறிவிடுகிறது. ஹோல்டரைத் திறந்து பார்த்தேன். கீழ் மூலை கறுத்துக் கிடந்தது. நேற்று அத்தனை சோதனைத் தகடு போட்டும் ஒரு முறைகூட அதைத் துடைக்கவில்லை.

ஈரத் துணியால் துடைத்து, உலர்த்தி, அடியில் ஒட்டுத்தாள் ஒரு பட்டை வைத்தேன். இரண்டாவது தகட்டைப் பாத்திலிருந்து எடுத்ததும் நன்றாக வடியவிட்டு, பின்பக்கம் துடைத்து, வடிந்த பக்கம் எப்போதும் கீழே இருக்கும்படி பிடித்தேன். சுத்தமாக வந்தது. மூலை வரை சுத்தம்.

கறை படிந்த தகட்டைப் பார்த்து நண்பன், "இதுதான் அழகு, இதையே குடு" என்றான். பலர் இப்படிச் சொல்வார்கள். குறைதான் ஈரத் தகட்டின் குணம், அதை ஏன் திருத்த வேண்டும் என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூன் கீறலும் கறையும் இருந்த தகடுகளை அப்படியே காட்சிக்கு வைத்தார், அன்றைய புகைப்பட இதழ்கள் அதற்காக அவரைக் கண்டித்தன. 1875-ல் இலங்கைக்குப் போன பிறகும் அங்கே முகங்களை எடுத்தார். அவர் படங்கள் என்னை உலுக்கியிருக்கின்றன, அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அது அவர் எடுத்த முடிவு. எதனால் வந்தது என்றே தெரியாத ஒரு கறையை அழகு என்று சொல்லி அடுத்தவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. காரணம் தெரிந்த பிறகு வேண்டுமென்றே வைத்துக்கொண்டால் அது வேறு. நேற்று ஒரு முகத்தைத் தண்ணீரில் விட்டவனுக்கு இன்று அந்த உரிமையும் இல்லை.

படலத்தைக் காக்கும் வார்னிஷ் பூச, வண்டியை விட்டுத் தள்ளி வெளியே அடுப்பு வைத்தோம். சாண்டராக் பிசின், ஆல்கஹால், லாவெண்டர் எண்ணெய். தகட்டை இளஞ்சூடாக்கி, ஊற்றி, வடித்து, மறுபடி சூடாக்க வேண்டும். கறுப்புத் துணியின் மேல் வைத்து நீட்டினேன்.

பேத்தி குனிந்து பார்த்துவிட்டு, "மச்சம் மாறிப் போச்சு, பாட்டிக்கு இந்தக் கன்னத்துல இல்ல" என்றாள். உண்மைதான். படலம் இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் இடம் வலம் மாறியிருக்கும். கண்ணாடி என்பதால் அதற்கு வழி உண்டு, திருப்பிப் போட்டு, படலத்தின் பக்கம் கறுப்பை வைத்தால் மற்றவர்கள் பார்க்கிற மாதிரி நேராகிவிடும். திருப்பிக் காட்டினேன். பாட்டி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"முன்னாடி வச்ச மாதிரியே இருக்கட்டும். நான் கண்ணாடில பாக்குறது அப்படித்தான்."

அவர் சொன்ன பக்கமே வைத்துச் சட்டமிட்டுக் கொடுத்தோம். கறை படிந்ததை நான் வைத்துக்கொண்டேன். பின்னால் தேதி போட்டு, "ஹோல்டர் மூலை துடைக்கவில்லை" என்று எழுதி, இருட்டறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

ஆறாம் நாள்

கடலோரம். காய்ச்சி வடித்த நீர் தீரும் நிலை. கிணற்று நீரில் டெவலப்பர் கலக்கலாமா என்று பார்க்க, ஒரு குவளை நீரில் இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டேன். உடனே பால் மாதிரி வெளுத்தது. உப்பு நீர். குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொண்டால் அப்படி வெளுக்கும். பாத்துக்கும் டெவலப்பருக்கும் இந்த நீர் ஆகாது. கழுவ மட்டும் எடுத்தோம், கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் மிச்சம் வைத்தோம்.

படகு பழுது பார்க்கும் இருவரை எடுத்தேன். இரண்டு தகட்டிலும் ஊசி குத்தின மாதிரி பொடிப் பொடிப் புள்ளிகள், நூற்றுக்கணக்கில், வால் இல்லாமல். டெவலப்பரும் தகட்டின் மேல் விரிய மறுத்து விலகி விலகி ஓடியது. வால் இல்லை என்பதால் தூசி இல்லை. பாத்தை முகர்ந்தால் ஈதர் வாடை தூக்கியது. ஆறு நாளில் நாற்பதுக்கு மேல் தகடு. ஒவ்வொன்றும் கொஞ்சம் ஈதர், கொஞ்சம் ஆல்கஹால், கொஞ்சம் அயோடைடு விட்டுச் சென்றிருக்கிறது. கரைசல் தாங்கும் அளவுக்கு மேல் சில்வர் அயோடைடு சேர்ந்து, துகளாகப் பிரிந்து படலத்தில் உட்காருகிறது. அடர்த்திமானியை விட்டுப் பார்த்தேன், 1.07 காட்ட வேண்டிய இடத்தில் குறைவாகக் காட்டியது. அதை நம்பி வெள்ளி சேர்க்கக் கூடாது. கலந்திருக்கும் ஆல்கஹால் இலேசானது என்பதால் அளவு பொய்யாகக் குறையும்.

டெவலப்பரில் ஆல்கஹால் கூட்டியதும் அது விரிந்தது, கோடு இல்லாமல் இன்னும் ஒரு தகடு கிடைத்தது. வலை பின்னுகிற ஒருவரின் கைகளும் முகமும். புள்ளிகள் இருக்கின்றன. பாத்துக்கு ஓய்வு கொடுக்காமல் அவை போகாது. அவரிடம் சொன்னேன், அடுத்த வாரம் வேறு தகடு எடுத்துத் தருகிறேன் என்று. சரி என்றார்.

மதியம் பாத்தைப் பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றி, கடைசிக் காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்து நீர்க்கச் செய்தேன். நீர்த்ததும் கரைசல் கலங்கி, மஞ்சள் கலந்த வெண்மையாக அயோடைடு பிரிந்தது. வடிகட்டி, சமையல் சோடா சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு அமிலத்தை முறித்தேன். ஜாடியின் வாயை மெல்லிய துணியால் கட்டி, வண்டிக் கூரையின் மேல் வெயிலில் வைத்திருக்கிறோம். உள்ளே சேர்ந்த அழுக்கெல்லாம் கறுத்து அடியில் இறங்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் கரைசல் தேநீர் நிறமாகிவிட்டது, இப்போது மசி மாதிரி இருக்கிறது. முழுக்கத் தெளிய நாளையும் நாளை மறுநாளும் வெயில் வேண்டும். அப்புறம் வடிகட்டி, ஆல்கஹாலைச் சூட்டில் பறக்கவிட்டு, வெள்ளியை ஒன்பது சதவீதத்துக்குக் கொண்டுவந்து, நைட்ரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக.

நண்பன் கூரைமேல் ஏறி, ஜாடி நிழலில் சிக்காமல் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறான்.